கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது

“கேள்வி கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நில்லுன்னாவ, அத்தான். நின்னேன். எழவு விழுந்துட்டு.”

யுத்தம் முடிந்த வருஷம். தூத்துக்குடி ஸ்டேஷனில், கிளம்ப மனமில்லாமல் நின்ற மதுரை வண்டியில், எனக்கு எதிரே இருந்த இளைஞர் சொன்னது இது. தோணித் தொழிலாளர் சங்கத்தில் வகுப்பு நடத்துகிறவராம். உட்காருவார், எழுந்து ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். அவர் முழங்கால் என் முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தது.

“யாரு செத்தா?” என்றார் அவர் பக்கத்திலிருந்த அத்தான்.

“ஒருத்தரும் சாவல. மதுரையில பழக்கி விட்டவுக சொன்னாவ: நீயே பேசாத. ஆள வட்டமா உக்கார வச்சு ஒரே ஒரு கேள்வி கேளு, பதில் வார வரைக்கும் சும்மா இருன்னு. நானும் தலையக் குனிஞ்சு நின்னேன். எவனோ செத்ததுக்கு மௌனமா நிக்கேன்னு நெனச்சிட்டாவ. வேதக்காரவுக இல்லையா? ஒரு வயசாளி சிலுவ போட்டு செபத்த ஆரம்பிச்சாரு. எல்லாரும் எந்திரிச்சிட்டாவ.”

“பொறவு?”

“கடல்ல போயி திரும்பி வராதவுக பேர ஒவ்வொருத்தரா சொல்லுதாவ. அழுக வேற. வகுப்பு எங்க நடக்கும்? கலைச்சு விட்டுட்டேன். இந்த வேல நமக்கு ஆவாதுன்னு மதுரையில சொல்லிட்டு வந்துருதேன்.”

“நீ கேட்ட கேள்வி என்ன, மாப்ள?”

“தோணியில ஏறும்போது உங்களுக்கு எது பயம்னு கேட்டேன்.”

அத்தான் இளைஞரின் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கார்டு விசில் ஊதினார். இளைஞர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.