தானா கழண்டுக்குமா

இல்லண்ணா, நான் உக்காரல. இங்கயே நிக்கறேன். நீங்க கழட்டறத நான் பாக்கணும். சந்தேகமான்னு கேட்டா, ஆமா, சந்தேகந்தான். மறைச்சுப் பேசி என்ன ஆவப்போவுது.

போன வாரம் உங்ககிட்டதானே ஜாய்சன் அண்ணா, பிரேக் ஆயில் மாத்துனேன். இந்த ஊர்ல என் வண்டியத் தொடற ஒரே ஆளு நீங்கதான். நேத்துக் காலையில டொம்லூர் ஃப்ளைஓவர் எறங்கறேன். முதுகுல ரத்த சாம்பிள் பெட்டி, லேபுக்குக் குடுக்கப் போறேன். ஈஜிபுராவுல எங்க வீட்லருந்து அதுவரைக்கும் நல்லாத்தான் புடிச்சுது. எறக்கத்துல முன் பிரேக்கைப் புடிச்சா, லிவர் பஞ்சு மாதிரி உள்ள போயி ஹேண்டிலத் தொட்டுடுச்சு. முன்னால பஸ்ஸு. பின் பிரேக்க மிதிச்சு, காலத் தேச்சு, ஓரமா நின்ன எளநி வண்டி மேல போய் விழுந்தேன். இந்த முழங்கையப் பாருங்க. அந்த எளநிக்காரரு திட்டக்கூட இல்ல, பாவம், தண்ணி குடுத்து உக்கார வச்சாரு.

அங்க இருந்த மெக்கானிக் குனிஞ்சு பாத்துட்டுச் சொன்னாரு, காத்து எடுக்கற நிப்பிள் லூசா இருக்கு, ஆயில் பூரா அது வழியா ஒழுகிடுச்சுன்னு. அதான் உங்களக் கேக்கறேன். ஆயில் மாத்தறப்ப அந்த நிப்பிளத் தெறந்தது நீங்க. திரும்ப ஒழுங்கா மூடுனீங்களா? நடுவுல உங்களுக்கு போன் வந்துச்சே. பேச்சு வாக்குல அரைகுறையா முடுக்கிட்டு எந்திரிச்சிருப்பீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

கோவப்படாதீங்கண்ணா. சரி, நீங்க முடுக்கினீங்கன்னே வைங்க. வண்டி ஆட்டத்துல தானா கழண்டுக்குமா? கழலாதா? நம்ம ரோட்டுக் குழிக்குக்கூடவா? இத்தன வருசத்துல ஒரு வண்டியிலகூட நீங்க பாத்ததில்லையா?

என்னது காட்டறீங்க? நிப்பிள் தலையில தழும்பா. ம், தெரியுது. பிளேயர் போட்டுத் திருகினதா? நீங்க ஸ்பேனர் தவிர வேற வைக்கறதே இல்லையா. உங்க கடையில வேற யாராவது? யாரும் இல்ல. சரி.

பர்வாகில்ல, புதுசே போடுங்க. ரெண்டு காட்டறீங்களே, என்ன வித்தியாசம்? இது சாதா. இன்னொண்ணுக்குள்ள ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கா. ஆயில் வெளிய போவும், காத்து திரும்ப உள்ள வராது. அப்ப லிவர் அமுக்க ஒரு ஆளு, நிப்பிள் திருக ஒரு ஆளுன்னு வேணாமா? ஒருத்தரே பண்ணிக்கலாமா? அதையே போடுங்க. நான் ஒருத்தியே பண்ணிக்கற மாதிரி இருக்கட்டும்.

இருங்க, மரை சரியா இருக்கா? பழசோட சேத்து வச்சுக் காட்டுங்க. வாயால சொல்லாதீங்க, என் கண்ணு முன்னாடி வைங்க. ம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒக்காருது. மொதல்ல கையாலயே திருகறீங்க, நல்லது. கடைசியில மட்டுந்தான் ஸ்பேனரா. ரொம்ப முடுக்கினா, நிப்பிள் உக்கார்ற காலிப்பர்ல மரை போயிடும். சரி, சரி.

தள்ளுங்க, லிவர நானே அமுக்கறேன். நிப்பிள்ல நீங்க மாட்டுன ட்யூப்புல குமிழ் குமிழா வருது பாருங்க. இன்னும் ஆயில் ஊத்துங்க. ம். இப்ப வரல. முடுக்கிடுங்க. ஆங், இப்ப கல்லு மாதிரி நிக்குது.

நிப்பிள் மேல மாட்டற ரப்பர் மூடியா? புதுசு வேணாம்ணா, பழசு என்கிட்ட இருக்கு. இந்தாங்க. அதக் கழட்டாம பிளேயர் போட முடியாதுல்ல?

ரோட்ல கெடைக்கலண்ணா. இன்னிக்குக் காலையில துணி ஊற வைக்கறப்ப எங்க வீட்டுக்காரரு சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு. அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. நான் ஓட்டறதும் புடிக்காது. வித்துடு, வேலைய விட்டுடுன்னு ஒரு வருசமா சொல்லிட்டிருக்காரு. நேத்து முழங்கைக்கு அவருதான் மஞ்சப் பத்து போட்டு விட்டாரு. போட்டுக்கிட்டே, பாத்தியா ருக்மிணி, இதுக்குத்தான் சொன்னேன்னாரு. பயமுறுத்தத்தான் பண்ணாரோ, இல்ல வேற எதுக்கோ, எனக்குத் தெரியல.

நான்தாம்மா சரியா முடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்கள நல்லாத் திட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஸ்வல்ப நகருங்கண்ணா, வண்டிய எடுத்துக்கறேன். இல்ல, ஈஜிபுராவுக்கு இல்ல. ஜீவனஹள்ளிக்கு, எங்கக்கா வீட்டுக்கு.