குழாயில் நின்ற தண்ணீர்

வாயைத் திறவுங்கள், வாயைத் திறவுங்கள் என்று சொல்லியே வாழ்நாளைக் கழித்து, இன்று என் வாயை மூடுவதற்கென்றே மேசைமேல் மணியோடு அமர்ந்திருக்கும் பல் மருத்துவப் பெருந்தகையே, நம் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! வெயிலையும் பொறுத்து, என்னையும் பொறுத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, நாற்காலி கிடைத்தும் கதவோரம் நிற்கும் விவரமானவர்களே! என் குரலைப் பெருக்கும் பாவத்தைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒலிபெருக்கிக்காரரே! மூன்றாம் வரிசையில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவியார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்.

தலையைத் தாழ்த்தியதும் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். சென்ற மாதம்வரை கன்னங்கரேலென்று இருந்த தலை, இன்று வெள்ளைவெளேரென்று வந்து நிற்கிறது. என்ன? சத்தமாகச் சொல்லுங்கள் ஐயா. என் அண்ணன் வந்திருப்பதாக நினைத்தீர்களா? எனக்கு அண்ணன் கிடையாது. நானேதான். இந்தத் தலைக்கும் ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதைக்கு ஒரு தொட்டி இருக்கிறது, அங்கே வருகிறேன்.

எனக்குத் தலைவர் கொடுத்திருக்கும் தலைப்பு, தூய்மை. சென்ற ஆண்டு இதே மேடையில் கொடுத்த தலைப்பு, உண்மை. அன்று ஒன்றேகால் மணி நேரம் உண்மையைப் பற்றி முழங்கினேன். முதல் மணி அடித்தார், முழங்கினேன். இரண்டாம் மணி அடித்தார், முழங்கினேன். மணியின் நாக்கே கழன்று விழுந்தது, அப்போதும் முழங்கினேன். அன்று முதல் நீங்கள் எனக்கு ‘மணிக்கு அடங்காதவர்’ என்று பட்டம் சூட்டினீர்கள். அதை நான் பெருமையாகவே வைத்துக்கொண்டேன். ஆனால் அன்று உண்மையைப் பற்றிப் பேசிய வாய்க்கு மேலே, ஒரு சாண் தூரத்தில், ஒரு பொய் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் மறைப்பேன்?

பதிவாளர் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டு இருந்தவன் நான். ஊரார் பிறந்த தேதிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பிறந்த தேதியை மட்டும் வாரத்துக்கு ஒரு முறை கறுப்பு மை பூசி மறைத்தேன்.

சரி, தொட்டிக்கு வருகிறேன்.

என் துணைவியார் மருத்துவமனையில், அறுவைக் கூடத்தில் செவிலியர். இருபத்தாறு ஆண்டுகள் நின்றார். மருத்துவர் உட்கார்ந்து எழுதுவார், நோயாளி படுத்திருப்பார், இவர் நிற்பார். நின்ற கால்தானே தேயும்? வலது முழங்காலில் அறுவை செய்தார்கள். பிறகு இயன்முறை மருத்துவர் சொன்னார்: “தினமும் இருபது நிமிஷம் வெந்நீர்ல உட்கார்ந்து காலை மடக்கி நீட்டுங்க. விட்டுடாதீங்க. விட்டா இறுகிடும்.”

உடனே நான் என்ன செய்தேன்? வெந்நீர்த் தொட்டி ஒன்றை வாங்கிப் பின்முற்றத்தில் இறக்கினேன். ஐந்து பேர் உட்காரலாம். சுற்றிலும் முப்பத்திரண்டு துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் வெந்நீர் பீறிட்டு வந்து உடம்பைப் பிடித்துவிடும். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி அடித்தேன். அந்தக் கொக்கியில் துணைவியார் ஒரு நீலத் துண்டை மாட்டினார். மூன்றே மாதம்தான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியவர், கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். இறங்கி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் திருமணத்தன்றுகூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் அன்று நான் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்பைக் கெடுத்த பாவி யார்? சொல்கிறேன்.

எங்கள் குளியலறை வெள்ளைச் சலவைக் கல். தலைச் சாயத்தை அங்கே அலசியதில் கல்லெல்லாம் கறுத்துப்போனது. “இனிமே இதை உள்ள அலசாதீங்க, வெளிக் குழாயில அலசுங்க,” என்றார் துணைவியார். நியாயம். ஆனால் வெளிக் குழாயில் வருவது குளிர்ந்த நீர். அதற்கு எட்டடி தள்ளி இருப்பதோ, இதமான வெந்நீர். சனிக்கிழமை காலை அவர் பணிக்குப் போனதும், சாயம் பூசிய தலையோடு தொட்டியில் இறங்குவேன். கழுத்துவரை நீர், கண்ணெதிரே கற்பனைக் கூட்டம். நீராவி குரலுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சென்ற ஆண்டின் உண்மைச் சொற்பொழிவு முழுவதையும் அந்தத் தொட்டியில்தான் ஒத்திகை பார்த்தேன். கைதட்டல் வேண்டிய இடங்களில் கையால் நீரைத் தட்டிக்கொள்வேன். முடிந்ததும் தலையை ஒரே முங்கு முங்கி எழுவேன்.

ஆமாம் அம்மா, அந்தத் தண்ணீரில்தான். நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது.

மாதங்கள் போயின. நீர் மங்கியது. ஒரு வாடை எழுந்தது. ஒரு நாள் காலை துணைவியார் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்க, தண்ணி ஏன் இப்படி இருக்கு?”

அவையோரே, எத்தனை மேடைகளில் எத்தனை கேள்விகளுக்கு நான் யோசிக்காமல் விடை சொல்லியிருக்கிறேன். அன்றும் யோசிக்கவில்லை. “நீ முழங்காலுக்குத் தடவுறியே தைலம், அதுதான் கரைஞ்சிருக்கும்,” என்றேன்.

இருபத்தாறு ஆண்டுகள் அறுவைக் கூடத்தில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கை கழுவியவரைப் பார்த்து, தண்ணீரை அழுக்காக்கியது நீ என்று சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. அழவில்லை. கொக்கியிலிருந்து நீலத் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஐந்து வாரம் அந்தத் தொட்டியில் அவர் கால் வைக்கவில்லை. நான்காவது வாரம் மாடிப்படியில் கை மறுபடியும் கைப்பிடிக்குப் போனது. ஒரு படி, ஒரு நிற்றல். ஒரு படி, ஒரு நிற்றல். கீழே செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு வீரம் வந்தது. தொட்டியை நானே காலி செய்து புதுநீர் நிரப்புகிறேன் என்று புறப்பட்டேன். அடியில் இருந்த திறப்பில் ரப்பர் குழாயை மாட்டினேன். அது நழுவி ஓடிவிடக் கூடாதே என்று, அதன் முனையை இடுப்புயரச் சுற்றுச்சுவரின்மேல் ஏற்றி, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். திறந்தேன். நீர் பாய்ந்தது. பெருமிதம் பொங்கியது. கால்பங்கு இறங்கியதும் நின்றுவிட்டது. தட்டினேன், உதறினேன், ஊதினேன். ஊதியது திரும்பி என் வாய்க்குள்ளேயே வந்தது. அதன் சுவையை இந்த அவையில் வர்ணிக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுப் பேருந்து ஓட்டுநர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, தண்ணி மேட்டுல ஏறாதுண்ணே. பைப்பைக் கீழே போடுங்க.”

கீழே போட்டேன். கடகடவென்று இறங்கியது. அடியில் தேங்கியதைச் சொம்பால் மொண்டேன், துணியால் ஒற்றினேன். தொட்டி பளிச்சென்றது. புதுநீர் நிரப்பிச் சூடேற்றி, துணைவியாரைக் கையோடு அழைத்து வந்து, விசையைத் தட்டினேன். முப்பத்திரண்டு துளைகளும் ஒரே நேரத்தில் இருமின. துளைக்குத் துளை கறுப்புச் செதில்கள். கண்மூடித் திறப்பதற்குள் புதுநீர் பழைய நீராயிற்று.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? “உன் தைலம் குழாயில ஒட்டியிருக்கும் போல,” என்றேன். இரண்டாவது தடவை.

“மூடியைப் போட்டு மூடிடுங்க,” என்றார் துணைவியார். உள்ளே போய்த் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்.

அவர் தம்பி, என் மைத்துனர், குழாய்ப் பணி செய்பவர். குறைவாகப் பேசுபவர். எங்கள் குடும்பத்தில் அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “மாமா, தண்ணியை இறக்குறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சீங்களா? தண்ணி இல்லாம ஹீட்டர் ஓடினா கருகிடும்.” நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இருந்த நீரிலேயே குழாய் கழுவும் மருந்தை ஊற்றி ஒரு மணி நேரம் ஓட விட்டார். மெயினை அணைத்தார். நீர் முழுவதையும் வடித்தார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு நின்றேன். “காலியாயிடுச்சு பார் மச்சான்,” என்றேன்.

“தொட்டிதான் மாமா காலி. குழாய்லயும் பம்புலயும் நிக்குது பாருங்க, அதுதான் நாறுறது. அதை விட்டுட்டு எத்தனை தடவை புதுசா ஊத்தினாலும் இதே கதைதான்.”

காற்று ஊதும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு துளையிலும் வைத்து ஊதினார். ஒன்றை ஊதினால் இன்னொன்று துப்பியது. அது துப்பிய இடத்தில் வைத்து ஊதினால் அடுத்தது துப்பியது. துப்பியதெல்லாம் கறுப்பு. மைக்கூடு கவிழ்ந்ததுபோல் தொட்டியின் வெள்ளைத் தரை முழுதும் கறுப்பு. மைத்துனர் அதை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். மறுபடியும் விரலைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்ற துணைவியாரிடம் சொன்னார்: “அக்கா, இது தைலம் இல்ல.”

துணைவியாரும் என் தலையைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அன்று மாலை நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? முன்னுரையோடு கேட்டேன். மூன்று உட்தலைப்புகளோடு கேட்டேன். சாயம் தயாரிக்கிறவர்களின் சூழ்ச்சி என்றேன், தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், அந்தக் கை கறுத்தது. எல்லாம் தெரியாமல் நடந்துவிட்டது என்று தழுதழுத்தேன். இருபது நிமிடம். அவர் முழங்காலை நீவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“முடிச்சிட்டீங்களா? குழாய்ல இன்னும் நிக்குது.”

எழுந்து போய்விட்டார்.

என்ன ஐயா, பின்வரிசையில் சிரிப்பு நின்றுவிட்டதே. எனக்கும் அங்கேதான் நின்றது.

தூய்மை என்றால் என்ன அவையோரே? தொட்டி பளிச்சென்று தெரிவதா தூய்மை? ஊரார் பார்க்கும் இடத்தைத் துடைத்து, ஊரார் பார்க்காத குழாயில் நேற்றையதைத் தேக்கி வைப்பதா தூய்மை? மேடையில் மணக்க மணக்கப் பேசி, முற்றத்தில் நாற நாற வாழ்வதா தூய்மை? பாதி வடித்தவன் வடித்தவனா? பாதி சொன்னவன் சொன்னவனா? பாதி வருந்தியவன் வருந்தியவனா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை.

தலைவர் முதல் மணியை அடித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. போதும்.

அன்றோடு சாயத்தை விட்டேன். நேற்று முடிதிருத்துபவரிடம் போய், கறுத்ததையெல்லாம் வெட்டிவிடுங்கள் என்றேன். மிஞ்சியது இது. தொட்டியை மைத்துனர் சொன்னபடியே கழுவித் துடைத்து, இன்று விடியற்காலையில் புதுநீர் நிரப்பினேன். மெயினைப் போட்டேன். அது சூடேற எட்டு மணி நேரம் ஆகும். இந்நேரம் ஏறியிருக்கும். காலையில் துணைவியாரிடம், இறங்குவாயா என்று கேட்டேன். “மீட்டிங் முடியட்டும், பார்க்கலாம்,” என்றார். இந்தத் துணிப்பையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். பையில் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே, இந்த ஊரே கேட்க, குழாயில் நின்றதைத் திறந்துவிடுகிறேன்.

தெரியாமல் நடந்தது என்று வீட்டில் சொன்னேன். அது பொய். முதல் சனிக்கிழமையே தெரியும். தலையை முங்கி எழுந்தபோது என்னைச் சுற்றித் தண்ணீர் கறுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். தெரிந்தேதான் உன்மேல் பழி போட்டேன், இரண்டு தடவையும் தெரிந்தேதான். நீ துண்டை எடுத்துக்கொண்டு போனபோதும், படியில் நின்று நின்று இறங்கியபோதும், தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

அவ்வளவுதான்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். மூன்றாம் வரிசையில் எழுந்துவிட்டார். வழிவிடுங்கள், காலை மடக்க அவருக்குக் கஷ்டம். கதவருகே போய்விட்டார். வெளியே நான்கு படி இருக்கிறது, கைப்பிடி கிடையாது, யாராவது கொஞ்சம் பாருங்கள். ஒலிபெருக்கிக்காரரே, நீங்கள் கதவுப் பக்கம்தானே நிற்கிறீர்கள், அவர் எந்தப் பக்கம் போகிறார்?

“வீட்டுப் பக்கம்தான் சார். பையிலேருந்து நீலத் துண்டு ஒண்ணை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறாங்க.”

தலைவர் அவர்களே, மணியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இரண்டாம் மணிக்கு முன்பே என் வாழ்நாளில் முதல் முறையாக முடித்துவிட்டேன். கேட்ட செவிகளுக்கு நன்றி, சிரித்த வாய்களுக்கு இன்னும் பெரிய நன்றி. அந்த முழங்காலோடு தொட்டியின் மூடியை அவரால் தனியாகத் தூக்க முடியாது, நான் ஓட வேண்டும். வணக்கம்.