மேலூர் ரோட்டு ஷட்டரும் முதல் பட்டனும்

என் பெயர் சவரிநாதன். வயது எழுபத்தொன்று. தகப்பனார் பெயர் பெனடிக்ட், காலமாகிவிட்டார். திருச்சி கே.கே. நகரில் என் மகள் லிசி, மருமகன் ஆசீர் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை பெயர் இருந்தது, பாதி நாள் நான் இல்லை. ஜீயபுரம் வழியாகக் குளித்தலை போகும் தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். தற்போதைய தொழில் என்ன என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டம்மா கேட்டதற்கு, மருமகன் வீட்டில் சாப்பிடுவது என்று சொன்னேன். அதை எழுதத் தேவையில்லை என்றார். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன் என்று நான் வற்புறுத்தியதால் எழுதிக்கொண்டார்.

என் மருமகன் மன்னார்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். சென்ற ஜூன் மாதம் அவர் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கினார். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்த சக்ரபாணி என்பவருடைய கார் அது. அவர் பிப்ரவரி மாதம் இறந்துவிட்டபடியால், பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் அச்யுத் அதை விற்றார். காருக்குள் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வரிசையாக மூன்று சின்னப் பட்டன்கள் உண்டு. வீட்டுக் கார் ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ஷட்டர் இருந்தால், அந்த ஷட்டரின் ரிமோட்டை இந்தப் பட்டனில் பதிந்துகொள்ளலாம். பிறகு தனி ரிமோட் வேண்டியதில்லை. தெருவில் வரும்போதே பட்டனை அமுக்கினால் ஷட்டர் தானாக மேலே ஏறும்.

சாவி கொடுக்கும்போது அச்யுத், "சார், முதல் பட்டன் அப்பாவோடது. எங்காத்து ஷட்டருக்கு வச்சது. ஆப்திகம் முடியற வரைக்கும் அதை அழிக்க வேண்டாம்னு அம்மா சொல்றா. பாக்கி ரெண்டும் நீங்க வச்சுக்கலாம்" என்றார். ஆப்திகம் என்றால் வருஷத் திவசம் என்று அவரே விளக்கினார். அதுவரை இறந்தவர் புழங்கிய எதையும் அந்த அம்மாள் மாற்ற விடுவதில்லையாம். என் மருமகன், "அதுக்கென்ன சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நான், "மாப்ள, காரு உங்களுது, ஒரு பட்டன் மட்டும் அவங்களுது. வாடகை வாங்கிக்கங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஷட்டரை இரண்டாம் பட்டனில் பதிவதற்காக, ஷட்டர் மோட்டார் வேலை செய்யும் ஜெகபர் சாதிக் வந்தார். அவர் ஏணி வைத்து ஏறி, மேலே மோட்டார் பெட்டியில் இருக்கும் பொடிப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கிய சூட்டோடு காருக்குள் இருக்கும் ஆள் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணாடி விளக்கு முதலில் நிதானமாக மினுக்கும், பதிந்துவிட்டால் படபடவென்று மினுக்கும். காருக்குள் இருந்தது நான். முதல் தடவையே படபடவென்று மினுக்கிவிட்டது. இருந்தாலும் நான், "இன்னும் மினுக்கல பாய், மறுபடி ஏறுங்க" என்று சொல்லிச் சொல்லி அவரை ஏணியில் ஏற்றி இறக்கினேன். கடைசியில் அவர் இறங்கி வந்து பட்டனைத் தானே அமுக்கிப் பார்த்தார். ஷட்டர் ஏறியது. "பெரியவரே, உங்களுக்குப் பேரப்புள்ளைங்க வயசா, இல்ல பேரப்புள்ளைங்களுக்கு உங்க வயசா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் மகள் லிசி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்பெஷல் கிளாஸ் உள்ள நாட்களில் சாயங்காலம் அவளைக் கூட்டிவர நான் காரை எடுத்துச் செல்வது வழக்கம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் சீக்கிரம் போய்விட்டதால், மேலூர் ரோட்டுப் பக்கம் சும்மா ஒரு சுற்று வந்தேன். அந்தச் சந்தின் முனையில் நிறுத்தி முதல் பட்டனை அமுக்கினேன். பஸ் ஓட்டிய காலத்தில் தூங்கும் பிரயாணியின் காதருகே ஹாரன் அடித்தவன் நான், அந்த மாதிரி எண்ணம்தான். வேறு கெட்ட நோக்கம் கிடையாது.

ஷட்டர் ஏறியது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கார் நின்ற இடம் காலியாக, கழுவித் துடைத்து, கோலம் போட்டிருந்தது. உள்வாசலில் இருந்து வயதான அம்மாள் ஒருவர் வந்தார். அவர்தான் சக்ரபாணியின் மனைவி கோதைநாயகி என்பது பிறகு தெரிந்தது. அவர் தெருவை எட்டிப் பார்க்கவில்லை, யார் என்று கேட்கவில்லை. கார் உள்ளே வரும்போது ஓரமாக நிற்பது போல, புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஒரு கார் நுழைந்து நிற்கும் நேரம் அப்படியே நின்றார். அதன் பிறகு சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி ஷட்டரை இறக்கினார். அந்த அம்மாள் பயந்து கத்தியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்த்தது சரிதானா என்று பார்ப்பதற்காக மறு வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் வந்து ஒதுங்கி நின்றார். மொத்தம் ஐந்தாறு தடவை இருக்கும். ஒரு நாள் காரில் லிசி இருந்ததை மறந்து அமுக்கிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். "அப்பா, அந்தம்மா வீட்டுக்காரர் செத்து எட்டு மாசம் ஆகல. உங்களுக்கு வெளாட வேற ஆளே கெடைக்கலயா?" என்றாள். இது செப்டம்பர் மாதக் கடைசி. அன்றிலிருந்து நான் அந்தச் சந்துப் பக்கம் போகவே இல்லை. சவேரியார் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆணையெல்லாம் எழுத முடியாது என்று ஏட்டம்மா சொன்னார்.

சென்ற வாரம் அச்யுத் பெங்களூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார். விளக்கேற்றும் நேரத்தில் ஷட்டர் தானாக ஏறியதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார். தெருவுக்கு ஓடிப் பார்த்ததில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அம்மா தனியாக இருப்பது தெரிந்து திருடர்கள் நோட்டம் பார்க்கிறார்கள் என்று இந்தப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தார். முதல் பட்டனைப் பற்றியும் சொன்னார். அதன் பேரில் என் மருமகனை வரவழைத்து விசாரித்தார்கள். காரையும் நிலைய வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை சப் இன்ஸ்பெக்டர் ஐயா தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். மருமகன் ஒரு பகல் முழுதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கேட்டு, நான் ஆட்டோ பிடித்து வந்து, "அமுக்குனது நான்தாங்கய்யா, அவரு ஒரு பாவமும் அறியாதவரு" என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அச்யுத் பார்த்த அன்று கார் கே.கே. நகரில் எங்கள் ஷட்டருக்குள்தான் நின்றது, லிசிக்கு லீவு, நான் எங்கும் போகவில்லை என்றும் சொன்னேன். முதலில் சொன்னதை ஐயா நம்பினார். பின்னால் சொன்னதை நம்பவில்லை.

நேற்றுக் காலை மன்னிப்புக் கேட்பதற்காக என்னை மேலூர் ரோட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சப் இன்ஸ்பெக்டர், ஏட்டம்மா, அச்யுத் ஆகியோர் உடன் இருந்தார்கள். கோதைநாயகி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீர்தானா அந்த விளையாட்டுப் பிள்ளை? பல்லெல்லாம் போயும் புத்தி வரலையாக்கும்" என்றார்.

"தப்புதாங்கம்மா. மன்னிச்சுக்கங்க. மேல வரிசையில இன்னும் ரெண்டு பல்லு இருக்கு" என்றேன். அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். காபி கொடுத்தார்.

"எத்தனை நாள் அமுக்கினீர்?"

"அஞ்சாறு தடவை இருக்கும்மா. புரட்டாசி பொறந்து கொஞ்ச நாளோட விட்டுட்டேன்."

"அப்போ பாக்கி நாளெல்லாம்?" என்று கேட்டார். அவரே தொடர்ந்தார்: "தினமும்னா தெறக்கறது. மாசி மாசம் அவர் போனாரே, அந்தக் காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து. கார் விக்கறதுக்கு முன்னாடியும் தெறந்தது, வித்தப்புறமும் தெறந்தது. பெருமாளைச் சேவிச்சுட்டு அவர் வர வேளை."

அச்யுத், "கேட்டேளா சார்? டாக்டரும் இது வெறும் பிரமைன்னுதான் சொன்னார். அதுக்குத்தான் பெங்களூர்ல ஒரு முதியோர் ஹோம்ல கேட்டு வச்சிருக்கேன். இங்க தனியா விட முடியாது" என்றார். ஹால் மூலையில் பெட்டி கட்டி வைத்திருந்தது. அதன் பேரில் அம்மாள் சொன்னதாவது: "எனக்குச் சித்தம் கலங்கிடுத்துன்னு சொல்றான். சரி, நீங்களே பார்த்துடுங்கோ. பட்டனை அழிச்சுடுங்கோ. ஷட்டர்லயும் அழிச்சுடுங்கோ. ஆப்திகம் வரைக்கும் வேண்டாம்னேன், இப்போ நானே சொல்றேன். அப்புறமும் சாயங்காலம் தெறக்கலைன்னா, நாளைக்கே பெட்டியைத் தூக்கிண்டு வரேன். தெறந்துதுன்னா என்னை இங்கேயே விட்டுடுடா கொழந்தே."

அச்யுத் சரி என்றார். இதற்கு நாங்கள் எல்லாரும் சாட்சி.

அதன் பிறகு ஜெகபர் சாதிக்கை வரவழைத்தார்கள். அவர் முதலில் நிலைய வளாகத்தில் இருந்த காரில் ஏறி, முதல் பட்டனையும் மூன்றாம் பட்டனையும் ஒன்றாக அமுக்கிப் பிடித்தார். விளக்கு படபடவென்று மினுக்கி அணைந்தது. மூன்று பட்டனிலும் பதிந்திருந்தது எல்லாம் அழிந்தது. எங்கள் வீட்டு ஷட்டரும் சேர்ந்து போயிற்று. பிறகு மேலூர் ரோட்டு வீட்டில் ஏணி வைத்து ஏறி, மோட்டார் பெட்டியின் பொத்தானை விளக்கு அணையும் வரை பிடித்திருந்தார். அந்த வீட்டில் இருந்த கை ரிமோட்டை அமுக்கிப் பார்த்தார். ஷட்டர் அசையவில்லை. "இனிமே இது யாரு கூப்புட்டாலும் ஏன்னு கேக்காது சார். செவுத்துல இருக்குற சுவிட்ச் மட்டும்தான்" என்று சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். நான், "பாய், மறுபடி ஒருக்கா ஏறிப் பாருங்க" என்றேன். இந்தத் தடவை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரும் முறைக்காமல் மறுபடி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் கார் ஷெட்டுக்குள் நான், அச்யுத், கோதைநாயகி அம்மாள், ஏட்டம்மா ஆகிய நான்கு பேர் இருந்தோம். ஷட்டர் இறக்கியிருந்தது. சப் இன்ஸ்பெக்டர் வெளியே தெருவில் நின்றார். சுவிட்சை யாரும் தொடக் கூடாது என்பதற்காக ஏட்டம்மா அதை முதுகால் மறைத்து நின்றார். அம்மாள் நடுவில் புதிதாகக் கோலம் போட்டிருந்தார். அதை மிதிக்காமல் நிற்க இடம் போதவில்லை. அச்யுத் கோலத்தின் மேலேயே நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியாமல், "வர்றவரு காப்பி குடிப்பாரா, டீயா?" என்று கேட்டேன். அம்மாள், "அவருக்கு காபிதான். ஒத்தை டம்ளர்தான் போட்டிருக்கேன், உமக்கு இல்லை" என்றார்.

தெருவில் விளக்குகள் போட்டார்கள். கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டு அடங்கியது. அச்யுத், "அம்மா, போதும். உள்ளே வா" என்று சொல்லி அவர் கையைப் பிடித்தார்.

அப்போது மோட்டார் ஓடத் தொடங்கியது. ஷட்டர் கீழிருந்து ஏறியது. முதலில் சப் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் தெரிந்தது, பிறகு கால்சட்டை, பிறகு முகம். அவர் கையில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் தெரு காலியாக இருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், பிறகு தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், பிறகு வழியை விட்டு இரண்டெட்டு ஒதுங்கினார். ஏன் ஒதுங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அம்மாள் மகன் கையை விடுவித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று, "இன்னிக்கு நாழியாயிடுத்தே" என்றார். நானும் சுவரோடு ஒட்டினேன். என் சட்டைப் பையில் ஜெபமாலை இருந்தது, கையால் பிடித்துக்கொண்டேன். எதுவும் வந்ததை நான் பார்க்கவில்லை. சூடான எஞ்சின் வாசனை மட்டும் வந்தது. பஸ் ஓட்டியவன் என்ற முறையில் அதைச் சொல்கிறேன். நடுவில் நின்றவர் அச்யுத் ஒருவர்தான். அவர் யாரும் சொல்லாமலே கோலத்தை விட்டு இறங்கி, கால்விரல் மேல் சக்கரம் ஏறிவிடும் என்பது போல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவரில் முதுகை வைத்து நின்றார். நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றோம். அதன் பிறகு ஷட்டர் தானாகவே இறங்கியது.

அம்மாள் காபி எடுத்துவர உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அச்யுத், காலி இடத்தைப் பார்த்தபடியே, "அம்மா, நாளைக்கு நான் மட்டும் கிளம்பறேன்" என்று உள்ளே கேட்கும்படி சொன்னார். பெட்டியை அவரே பிரித்து, அம்மாவின் புடவைகளை அலமாரியில் வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் வந்தேன்.

ஷட்டர் ஏறிய நேரத்தில் சுவிட்சின் பக்கம் யார் இருந்தது என்று கேட்கப்பட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டம்மா சுராயாதான் இருந்தார். ஷட்டர் ஏறும் வரை முதுகை எடுக்கவில்லை. ஏறிய பிறகு அவரும் சுவிட்சை விட்டு ஒதுங்கி நின்றார். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் அவரைக் கேட்டதற்கு, "சொல்லுங்கய்யா, எழுதுறேன்" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பார்த்ததைத் தவிர வேறொன்றும் இதில் இல்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பெ. சவரிநாதன்

என்னால் எழுதப்பட்டது. நானும் உடன் இருந்தேன்.
(ஒப்பம்) சுராயா, தலைமைக் காவலர்