வெள்ளிக்கிழமை விளையாட்டு

உங்கள் வீட்டிலும் டிவி கேம் ஒன்று இருப்பதாகச் சொன்னீர்கள், ஐயா. அதன் மேல் சீலை போட்டு மூடிவைக்காதீர்கள். தூசி படியக்கூடாது என்று எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டி உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். விளையாடி முடிந்ததும் அடப்டரைக் கழற்றிவிடுங்கள். விளையாட்டுக் கசட்டின் வாயில் ஊதாதீர்கள். எச்சில் பட்ட இடத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். பெட்டி பழுது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேரை இந்த மூன்றையும் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பெட்டியைத் திறக்கவே தேவை இருந்ததில்லை.

நான் நல்ல மெக்கானிக் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுத வேண்டும் அல்லவா, அதனால் முறையாகத் தொடங்குகிறேன்.

என் பெயர் மீராமுகைதீன்; மீரா என்று கூப்பிடுவார்கள். வயது முப்பத்தொன்பது. கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணின் பெயருக்குத்தான் எழுதுவார்கள். மனைவியை விட்டு விலகி வந்த ஆணுக்குத் தலைசாய்க்க இடம் கிடையாது. எட்டு வருசமாக நான் கடையின் பின்பக்கத்தில், வெற்று ரேடியோக் கூடுகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தேன். பெருநாளுக்கு யாராவது சோறு அனுப்புவார்கள். மற்ற நாட்களில் நான் இருக்கிறேனா இல்லையா என்று கேட்க ஆளில்லை. அதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாலிஹ் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எண்பத்தாறாம் வருசம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு றியாத்திலிருந்து வந்தான். அங்கே இரும்புக் குழாய் விழுந்து இடது கால் பாதம் நசுங்கிவிட்டது. இனி எந்த வேலைக்கும் நிற்க முடியாது. கிடைத்த நட்டஈட்டை அப்படியே ஆறு டிவி கேமாகவும் மூன்று தொலைக்காட்சிப் பெட்டியாகவும் மாற்றிக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய மனைவி நதீராவின் வீட்டு முன்புறத்தில், தெருவைப் பார்த்தபடி, ஆட்கள் காசு கொடுத்து விளையாட ஓர் அறை இறக்கினோம். பலகைச் சுவர், தென்னங்கிடுகுக் கூரை. படம் தெளிவாகத் தெரிவதற்காகச் சுற்றிவரக் கறுப்புத் துணி. உட்காரும் வாங்குகளில் ஸ்பொஞ்ச். வயர் இழுத்தது நான். வீட்டிலிருந்து கரண்ட், வீட்டுக்கும் அறைக்கும் இடையிலிருந்த உள்வாசல் பக்கமாக வந்ததால், அடப்டர்களை வைக்கும் ராக்கையை அந்த வாசலுக்கு அருகிலேயே அடித்தேன். அதுவும் நான்தான்.

சாலிஹுக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாருக்கு எந்தக் கசட் பிடிக்கும் என்று சொல்வது என் வேலையாயிற்று. அது ஒரு கலை, ஐயா. மருதமுனையிலிருந்து வரும் நெசவுக்காரர்களுக்குப் பந்து அடித்துக் கல் உடைக்கும் விளையாட்டைக் கொடுப்பேன். தறியில் ஓடம் இங்கும் அங்கும் போவதைப் பார்த்துப் பழகிய கண், பந்தைத் தவறவிடாது. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மாருக்குக் கார் ஓட்டம். கந்தோர் மேசையில் நாள் முழுக்க அசையாமல் இருக்கிறவனுக்கு எங்காவது வேகமாகப் போக வேண்டும். தோணிக்காரர்கள் எதைக் கொடுத்தாலும் டாங்கிச் சண்டைதான் கேட்பார்கள். நான் சொன்னது பிடிக்கவில்லை என்று ஒருவரும் எழுந்து போனதில்லை. “மீராக்கிட்டக் கேட்டுப் போட்டு இரி,” என்பார்கள்.

அந்த நாட்களில் பெட்டிகள் தாமாகவே பழுதாகின. உப்புக் காற்றுப் பட்டு உள்ளே துரு ஏறியது. கரண்ட் ஏறி இறங்கியது. ஒரு பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் சாலிஹ் காலை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு வருவான். நான் போய்த் திருத்துவேன். நதீரா தேத்தண்ணி தருவாள். பொழுது போய்விட்டால் சோறு போடுவாள். “மீரா காக்காக்கு மீன்தலையை வைங்க,” என்று, அண்ணனைச் சொல்வது போல, குசினிக்குள்ளிருந்து சாலிஹிடம் சொல்வாள். எட்டு வருசத்தில் எனக்கு மீன்தலை பிடிக்கும் என்று நினைவு வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

நான் எல்லாவற்றையும் நன்றாகத் திருத்திவிட்டேன். அதுதான் தவறாகப் போயிற்று. வயர் இணைப்புகளுக்கு ஈயம் புதிதாக வைத்தேன், துவாரங்களுக்கு வலை அடித்தேன், கரண்டுக்குக் காவல் பூட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு பெட்டியும் பழுதாகி நிற்கவில்லை. ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. கசட்டுகளின் குணமும் சாலிஹுக்குப் பிடிபட்டுவிட்டது; எதை யாருக்குக் கொடுப்பது என்று அவனே சொல்லத் தொடங்கினான். ஒரு நாள் நானாகவே போனேன். வாங்கெல்லாம் நிறைந்திருந்தது. “வா மச்சான், இரிக்க எடமில்ல பாரு,” என்று சாலிஹ் சிரித்தான். நான் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது, சும்மா பார்ப்பது போல ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு வயரின் ஈயத்தைத் திருப்புளி முனையால் நெம்பிவிட்டேன். இரண்டாம் நாள் சாலிஹ் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் வேர்வை.

“மீரா, நீ இல்லாட்டி நான் இல்லடா,” என்றான்.

அந்தச் சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரே பழுதை இரண்டு முறை செய்யமாட்டேன். ஒரு தடவை நிறம் போகும், ஒரு தடவை சத்தம் போகும், ஒரு தடவை கைப்பிடி வலப்பக்கம் மட்டும் திரும்பாது. ஆட்கள் பாதி விளையாட்டில் எழுந்து திட்டினார்கள். சாய்ந்தமருதில் வேறொருவர் கடை திறந்ததும் அங்கே போகத் தொடங்கினார்கள். சாலிஹுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லெப்பையிடம் ஓதி வாங்கிய தண்ணீரைப் பெட்டிகளின் மேல் தெளித்தான். அதில் உண்மையாகவே இரண்டு பெட்டி கெட்டுப்போயிற்று. அவை என் கையால் கெட்டவை அல்ல. ஒரு நாள் என் கடைக்கு வந்து, ரேடியோக் கூட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.

“காலும் போச்சு மச்சான். இதும் போனா நான் என்னெண்டு புள்ளைகள்ற மொகத்தப் பாக்கிற? என்ட கையில ஏதோ பீடை இரிக்கி. நான் தொட்டதெல்லாம் நிக்கிதே.”

“ஒன்ட கையில ஒண்டுமில்ல, சாலிஹ். கடக்கரைச் சாமான் அப்பிடித்தான். நான் இரிக்கன் தானே,” என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் அப்போது இருந்த இரக்கம் பொய்யில்லை. 

இப்படியே போயிருக்கும். ஆனால் நதீராவுக்கு ஜவுபர் என்று ஒரு தம்பி இருந்தான். கொழும்பில் தொலைக்காட்சி திருத்தும் இடமொன்றில் வேலை பழகியவன். பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை, தேத்தண்ணியை வைத்துக்கொண்டே நதீரா சொன்னாள்:

“தம்பி சனிக்கிழம வாறானாம், காக்கா. எல்லாப் பெட்டியையும் கழட்டிப் பாக்கப் போறானாம். இனி ஒங்களுக்கும் கரச்சல் கொறையும்.”

“ஓம், நல்லதுதானே,” என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

ஈயம் வைப்பது கையெழுத்து மாதிரி, ஐயா. தானாக விட்ட ஈயத்துக்கும் நெம்பி விட்ட ஈயத்துக்கும் உள்ள வித்தியாசம் பழகியவனுக்கு ஒரு பார்வையில் தெரியும். ஆறு பெட்டிகளுக்குள்ளும் என் கையெழுத்து இருந்தது. ஜவுபர் ஒன்றைத் திறந்தால் போதும். சனிக்கிழமை பகலுக்குள் சாலிஹ் அறிவான். அசர்த் தொழுகைக்குள் ஊர் அறியும். எனக்கு அந்த வீட்டு வாசல் இல்லாமல் போகும். அன்றும் அடுத்த நாளும் நான் சாப்பிடவில்லை. கடலுக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு நீச்சல் தெரியும் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

வியாழக்கிழமை ஓர் அடப்டரைத் திருத்தவென்று எடுத்துப் போய், இரவு ஆட்கள் போன பிறகு திருப்பிக் கொண்டுவந்து ராக்கையில் வைத்தேன். இனி வெள்ளி ஜும்ஆ முடிந்துதான் ஆட்கள் விளையாட வருவார்கள். அதற்குள் என்ன செய்தேன் என்று விபரமாகச் சொல்லமாட்டேன். அதை இன்னொருவன் படிக்கக்கூடாது. அரை மணித்தியாலம் ஓடினால் பற்றிக்கொள்ளும். பெட்டிகள் எரிந்துவிட்டால் ஜவுபர் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பெட்டி நின்றால்தான் சாலிஹின் கையில் பிழை. எரிந்தால் அது கரண்டின் பிழை. அவனுடைய மனப்பாரமும் குறையும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது சாலிஹ் முன்கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டுத் திறப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம். அவனுக்காக நான் மெதுவாக நடந்தேன்.

“மச்சான், இண்டைக்குத் துஆவில என்னையும் சேத்துக்க,” என்றான்.

சேர்த்துக்கொண்டேன்.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் முடியும் நேரம் வெளியே யாரோ நெருப்பு என்று கத்தினார்கள். வரிசை கலைந்து எல்லாரும் ஓடினோம். சாலிஹ் இரண்டு தடவை விழுந்தான். கிடுகுக்கூரை முழுதாகப் பற்றிவிட்டது. அவன் பூட்டைப் பிடித்தான், கை வெந்தது, திறப்பு உள்ளே போகவில்லை. பிறகு யாரோ அலவாங்கால் பலகையைப் பெயர்த்தார்கள். நதீராவையும் பக்கத்து வளவுப் பெண் உம்முவையும் வெளியே எடுத்தோம். உம்முவுக்கு அடுத்த மாதம் கலியாணம் வைத்திருந்தார்கள். இரண்டு மையித்தையும் மஃரிபுக்கு முன் அடக்கினோம். நதீராவின் கபுறுக்கு மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எல்லாரும் கரண்ட் என்றார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாலிஹ்தான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டைத் தான் ஏன் போட்டோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டான். வெந்த கைக்கு மருந்து கட்ட விடவில்லை. பிள்ளைகளைப் பார்க்கமாட்டேன் என்கிறான். நேற்று என்னிடம் வந்து, “நான்தான் அவள உள்ளுக்கு வெச்சுப் பூட்டின, மீரா,” என்றான். அவன் அப்படி நினைப்பது நியாயமில்லை. அதனால்தான் இன்று நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். பெட்டிகளை எரிக்க நினைத்தேன்; அறையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று ஜும்ஆ நேரத்தைத் தெரிந்தெடுத்தேன். இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பேனையை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். யாரும் இல்லாத அறையில் ஸ்விட்சைப் போட்டது யார்?

சரியான கேள்விதான். ஸ்விட்சைப் போடாவிட்டால் அடப்டர் சூடாகாது.

வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் பள்ளிக்குப் போனதும் நதீரா வீட்டுப் பக்கத்து வாசலால் அந்த அறைக்குள் போவாள். பிள்ளைகள் வராமலிருக்க உள்ளே கொளுக்கி போட்டுக்கொள்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் இருவர் சேர்வார்கள். சாலிஹுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு நாள் கைப்பிடியில் மருதோன்றிக் கறையைக் கண்டு கேட்டதற்கு அவளே சொன்னாள்: “அவருக்கிட்டச் சொல்லிப் போடாதீங்க, காக்கா. எங்களுக்கும் ஆசை இரிக்காதா?” நான் சொல்லவில்லை.

புகை வந்ததும் வந்த வாசலாலேயே ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வாசலருகில்தான் ராக்கை இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக நான் நினைத்துப் பார்க்கவில்லை. இல்லை, ஐயா, அப்படி எழுதவேண்டாம். நினைத்துப் பார்த்தேன்.

நான் எடுத்துப்போனது அந்தப் பெண்கள் வழக்கமாகப் போடும் பெட்டியின் அடப்டரைத்தான். அது அரை மணித்தியாலம் ஓட வேண்டும் என்பதுதான் கவலையாக இருந்தது. அவர்கள் வழக்கமாகக் கால் மணித்தியாலத்தில் அலுத்து எழுந்துவிடுவார்கள். கூரையிலிருந்து விழும் முட்டைகளைக் கூடையில் ஏந்தும் விளையாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. புதுக் கசட், நல்ல நிறம். வியாழக்கிழமை அடப்டரை வைத்துவிட்டுப் போகும்போது அதை அவளிடம் கொடுத்தேன். “நாளைக்கு இதப் போட்டுப் பாருங்க, தங்கச்சி. தொடக்கம் லேசுதான், அவசரப்பட்டு நிப்பாட்டிப் போடாதீங்க. அரை மணித்தியாலம் போனாத்தான் வடிவான எடம் வரும்,” என்றேன். அவள் சந்தோசப்பட்டாள். 

எந்த விளையாட்டு நல்லது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.