முத்திரையை மறந்தவர்கள்

மினாகோ: நிஜமாவே கொண்டு வரலையா? ரெண்டு பேருமா?

தொமோயோ: நாரா ஸ்டேஷன்ல இறங்குனதுலேர்ந்து நீ கேக்கறது இது நாலாவது தடவை. கையெழுத்துக்குப் பதிலா குத்தற என் பேர் முத்திரை வீட்டுல, மேசை டிராயர்ல பத்திரமா தூங்குது. போதுமா?

மினாகோ: ரிட்சுகோ, நீயுமா? நீ எதையும் மறக்கறவ இல்லையே. குடை இருக்கு, பிளாஸ்திரி இருக்கு, ஊசி நூல்கூட வச்சிருக்கே...

ரிட்சுகோ: வயசு நாப்பத்தி மூணாச்சு. மறதி வராதா?

தொமோயோ: அது கிடக்கட்டும். சனி ஞாயிறு ஊர் சுத்த வர்றவங்களுக்கு "மாத்துத் துணி, பல் பிரஷ், முத்திரை"ன்னு யாராவது செய்தி அனுப்புவாங்களா? நம்ம முத்திரையைப் பார்த்துட்டுத்தான் பெரிய புத்தர் உள்ளே விடுவாரா?

மினாகோ: கோயில்ல நாம கொண்டு போற புத்தகத்துல முத்திரை வைப்பாங்கல்ல... அதுக்குத்தான்.

தொமோயோ: அது கோயிலோட முத்திரைடி! துறவி எழுதி, அவரே வச்சுக் குடுப்பார். நாம போய், "சுவாமி, கொஞ்சம் நகருங்க, நானும் ஒண்ணு குத்திக்கறேன்"னு சொல்லவா?

ரிட்சுகோ: விடு தொமோயோ. அவ முகம் சிவந்துடுச்சு பாரு.

தொமோயோ: சிவக்கட்டும். எனக்குத் தெரிஞ்சாகணும். என்னன்னு சொல்லாம கோயிலுக்குள்ள ஒரு அடி வைக்க மாட்டேன்.

மினாகோ: சொல்றேன்... சாப்பிடும்போது சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தக் கடைக்குள்ள போயிட்டு வந்துடலாமா?

தொமோயோ: மான் பொம்மை வாங்கவா? நாலு வச்சிருக்கியே... ஏய், அந்த ஸ்டாண்டைப் போட்டு ஏன் இப்படிச் சுத்தறே? ரிட்சுகோ, இங்க வா. குடும்பப் பேர் போட்ட முத்திரையா நூறு தொங்குது. இவ ஒண்ணு விடாம படிக்கறா.

மினாகோ: கிடைச்சுடுச்சு! நிஷிவாகி, இது உனக்கு தொமோயோ. அரிமா... இந்தா ரிட்சுகோ, உனக்கு.

தொமோயோ: எனக்கு எதுக்குடி? வீட்டுல ரெண்டு இருக்கு.

ரிட்சுகோ: மூணாவதா ஒண்ணை உள்ளங்கையில மறைச்சு வச்சிருக்கியே, மினாகோ.

மினாகோ: எங்கே?

தொமோயோ: காட்டு... கையைத் திற... குசாகபே. உங்கப்பா வீட்டுப் பேராச்சே! கல்யாணமாகி பதினாறு வருஷமா நீ புருஷன் வீட்டுப் பேர்ல இவாசே இல்லையா?

மினாகோ: அப்பாவுக்குத்தான் வாங்கறேன்.

ரிட்சுகோ: அப்பாவுக்கா? போன வருஷம் அவர் படத்துக்கு முன்னாடி மூணு பேருமா ஊதுவத்தி ஏத்தினோமே...

மினாகோ: நான் போய் மூணுக்கும் பணம் கட்டிட்டு வந்துடறேன்.

தொமோயோ: சரி சரி, கேக்கல. இப்போதைக்குக் கேக்கல. பசிக்குது, வா.

ரிட்சுகோ: இந்த மரத்தடி பெஞ்சு நல்லா இருக்கு. இலையில சுத்தின சோத்துப் பொட்டலத்தைப் பிரி, தொமோயோ.

தொமோயோ: ம்ம்... இலையைப் பிரிக்கும்போதே வாசனை வருது பார். கானாங்கெளுத்தி மீன் வச்சது எனக்கு, சால்மன் உனக்கு. மினாகோ, நீ ஏன் பையை இப்படிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே? யாரு திருடப் போறா?

மினாகோ: ஒண்ணுமில்ல. பழக்கம்.

ரிட்சுகோ: பின்னாடி மான். இந்த ஊர்ல அதுங்க இஷ்டத்துக்கு அலையும்.

தொமோயோ: பிஸ்கட் கேட்டு எத்தனை மரியாதையா தலை குனியுது பாரேன். பிஸ்கட் தீர்ந்துடுச்சுப்பா, உங்க அண்ணன் தின்னுட்டான்... ஏய், ஏய்! மினாகோ, உன் பை!

மினாகோ: விடு! விடு சனியனே! அந்தக் கவரை விடு!

தொமோயோ: ஊர் மேப்தானே, தின்னுட்டுப் போகட்டும்.

மினாகோ: மேப் இல்லடி! பிடி! அதைப் பிடி!

ரிட்சுகோ: இழுக்காதே, கிழியும்... இரு... இந்தா. முக்கால்வாசி தேறிடுச்சு.

மினாகோ: குடு. பார்க்காதே. மடிச்சுக் குடு.

தொமோயோ: பச்சைக் கோடு போட்ட தாள்... ஏன்டி அழறே?

மினாகோ: சாட்சிக் கட்டம் இருந்த பக்கத்தையே பார்த்துத் தின்னுருக்கு. அவர் ஒழுங்கா எழுதி, முத்திரை வச்சு அனுப்பியிருந்தார். நானும் வச்சுட்டேன். ரெண்டு சாட்சி மட்டும்தான் பாக்கி.

ரிட்சுகோ: விவாகரத்துப் பத்திரம்.

மினாகோ: ம். இனி மறுபடி நான் குசாகபேதான்.

தொமோயோ: சண்டையா?

மினாகோ: சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்ல. மாத்தலாகி அவர் அத்தனை தூரம் வடக்கே சப்போரோ போய் மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் வந்தார். ஒருத்தருக்கொருத்தர் டீ ஊத்திக்கிட்டு, "சிரமப்படாதீங்க", "பரவாயில்லைங்க"ன்னு... ரெண்டு பேருமே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தோம்டி. கிளம்பும்போது வாசல்ல நின்னு அவர்தான் கேட்டார், பிரிஞ்சுடலாமான்னு. எனக்கு அழுகை வரல. மூச்சு நல்லா வந்துச்சு. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

ரிட்சுகோ: சாட்சிக்கு ஆபீஸ்ல யாரையாவது கேட்டிருக்கலாமே. யார் வச்சாலும் செல்லும்.

மினாகோ: கேட்டிருக்கலாம். ஆனா கல்யாணப் பத்திரத்துல சாட்சியா முத்திரை வச்சது நீங்க ரெண்டு பேரும். முடிக்கறதும் உங்க கையால இருக்கட்டும்னு தோணுச்சு. அதான் ஊர் சுத்தலாம்னு பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.

தொமோயோ: முன்னாடியே சொல்றதுக்கு என்ன?

மினாகோ: உன்கிட்டயா? அன்னிக்கு முத்திரையை வச்சுட்டு நீ என்ன சொன்னே? "இதுக்கு நான் பொறுப்பு. திருப்பிக் கொண்டு வந்தா வாங்க மாட்டேன்"னு சொல்லலை? சுத்தி இருந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. எனக்கு அது மட்டும்தான் ஒரு மாசமா காதுல கேக்குது.

தொமோயோ: அட கிறுக்கி... சாக்கே போதை தலைக்கேறிப் பேசினதுடி அது.

மினாகோ: நீ முடியாதுன்னு சொல்லிட்டா, தப்பு என் மேலதான்னு ஆயிடும்ல? இப்ப பாரு. நீங்க முத்திரையை மறந்தாச்சு. கடையில வாங்கினா, மான் கட்டத்தைத் தின்னாச்சு. புத்தருக்கே இஷ்டமில்ல போல.

ரிட்சுகோ: புத்தரை இதுல இழுக்காதே. கண்ணைத் துடை. என் பையில நீலக் கவர் ஒண்ணு இருக்கு, எடு.

மினாகோ: எதுக்கு?

தொமோயோ: எடுடி. இந்த மான் மறுபடி வர்றதுக்குள்ள.

மினாகோ: இது... இதுவும் பச்சைத் தாள். வெறும் தாளா... இல்ல, கீழே எழுதியிருக்கே. சாட்சிக் கட்டம்... நிஷிவாகி தொமோயோ... அரிமா ரிட்சுகோ... முத்திரைகூட... எப்ப வச்சீங்க?

ரிட்சுகோ: முத்திரை கொண்டு வான்னு நீ இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதானே சொல்லியிருக்கே, கல்யாணத்துக்கு? அவர் மூணு வருஷமா அங்கே, இந்தத் தடவை எதுக்குன்னு புரியாதா? செய்தியைப் பார்த்த மறுநாளே ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு நகராட்சி ஆபீஸுக்குப் போய்த் தாள் வாங்கிட்டோம்.

மினாகோ: அப்ப காலையிலேர்ந்து எதுக்கு, எதுக்குன்னு என்னைக் குடைஞ்சது?

தொமோயோ: நாங்களா எடுத்து நீட்டினா, பிரிஞ்சு போடின்னு சொல்ற மாதிரி ஆயிடாதா? நீயா வாயைத் திறக்கணும்னு இருந்தோம். திறந்தாச்சு. இப்ப நீ வேணும்னா இதை எழுதி மறுபடி அவருக்கு அனுப்பு, வேணாம்னா அந்த மானுக்கே போட்டுடு... முத்திரையை நாங்க மறக்கலடி, அதுக்கு இங்க வேலை இல்லைன்னுதான் கொண்டு வரல.