சாட்சிக் கல்

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான், என் மனைவி, என் தம்பி, தம்பி மகன், அச்சகக்காரர். தேநீர் ஆறிப்போயிருந்தது. பேச்சு சுவையாக இருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஐயா.

தம்பி மகன் புதிதாக ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு குதிரைவீரனாகி, கதை பேசிப் பகடை உருட்டி ஆடுவது. எல்லோரும் சொன்ன சொல் தவறாத வீரர்கள். நன்றாக வந்தால் அச்சிட்டு விற்பதாக அச்சகக்காரர் சொல்லியிருந்தார். மானத்தை எப்படி அளப்பது என்பதில்தான் அவனுக்குச் சிக்கல். தப்பு செய்தால் வெள்ளைக் கல் ஒன்று பறிபோகும் என்று வைத்திருந்தான்.

"தப்பு பண்ணினா மானம் போகாதுடா. வெளியில தெரிஞ்சாத்தான் போகும்" என்றேன்.

"ஐயா அனுபவத்துல பேசறாரு" என்றார் அச்சகக்காரர். எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று யோசித்தேன்.

விதி மாறியது. யார் எந்த வீரனின் தப்பைப் பார்த்தார் என்பதைத் தம்பி மகன் அவரவர் காதில் மட்டும் சொல்வான். பார்த்தவர் ஒரு கறுப்புக் கல்லைக் கைக்குள் வைத்துக்கொள்வார். அரசவை கூடும் சுற்றில் கையைத் திறந்தால் அந்த வீரனின் மானம் போகும்.

"சாட்சிக்காரன் நடுவுல செத்துட்டா கல்லு பெட்டிக்கே திரும்பிடுமா பெரியப்பா? பெரிய ஓட்டையா இருக்கே."

"இருக்கட்டும், அடைக்காதே" என்றேன்.

அரசவைச் சுற்றை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் தம்பி கையை மூடிக்கொண்டு சிரித்தான். "அண்ணா, உங்க வண்டவாளம் என் கைக்குள்ள இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை தண்டவாளத்துல ஏத்திடறேன்."

"ஏத்துங்க தம்பி. இந்த வீட்டுல யாராவது ஒருத்தர் ஏத்தணுமே" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

எங்களுடையது மருந்துக்கடை. எங்களிடம் வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்பார்கள். போன மழையில் ஒரு குழந்தைக்கு நான் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்குக் காது கேட்காமல் போனது. காய்ச்சலால் என்று பெற்றோர் நம்பினார்கள். அவர்களுக்கும் அது ஆறுதல்தான். பக்கத்தில் நின்ற தம்பிக்கு மட்டும் தெரியும். "சொல்லிடலாம் அண்ணா" என்றான். கூடாது என்றேன். அதன்பின் அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவனை எப்படி நம்புவது?

அந்த வாரம் அவனைக் கவனித்தேன். அச்சகக்காரரிடம் கடைவாசலில் ஏதோ கிசுகிசுத்தான். என்னைக் கண்டதும் நிறுத்தினான். குழந்தையின் வீடு இருக்கும் தெரு வழியாக வந்தான். என் தேநீரில் சர்க்கரை போதுமா என்று கேட்டான். ஒருநாளும் அப்படிக் கேட்டவனில்லை.

தம்பிக்கு இதயம் பலவீனம். அவனுடைய மாத்திரைகளை டப்பாவில் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அந்த வாரமும் நான்தான் போட்டேன். அவை அவனுக்குரிய மாத்திரைகள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அலமாரியில் சாய்ந்துவிட்டான். கண்களை நான்தான் மூடினேன். அண்ணன் செய்யவேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை.

பிறகு தம்பி மகன் வந்தான். "அப்பா சட்டைப்பையில அந்தக் கல்லு இருந்துச்சு, பெரியப்பா."

"உங்கப்பன் எதைப் பார்த்தானாம்?"

"உங்க வீரன் காவல் காக்கறப்ப குதிரை மேலயே குறட்டை விட்டதை. நான்தான் அப்பா காதுல சொன்னேன். அச்சகக்காரர்கிட்ட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. உங்ககிட்ட மட்டும் ரகசியம்னாரு."

வெறும் குறட்டைதான். ஆனால் இன்று குறட்டையைச் சொல்பவன் நாளை வேறொன்றைச் சொல்லமாட்டான் என்று என்ன உறுதி?

தம்பி மகன் ஓட்டையை அடைத்துவிட்டான். சாட்சி செத்தால் கல் இப்போது வாரிசுக்குப் போகிறது. டப்பாவில் மிஞ்சிய மாத்திரைகளை உங்களிடம் கொண்டுவந்ததும் அவன்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை, நேர்மையாகத்தான் இருப்பான்.

என் தம்பியைக் கொன்றது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது குடும்ப மானம்.

இன்னொன்று. விளையாட்டில் தோற்றுவிடுவேன் என்ற ஆத்திரத்தில் செய்தேன் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அன்று எனக்கு முன்னால்தான் வெள்ளைக் கற்கள் அதிகம் இருந்தன.