நாற்பத்தோராம் பக்கம்

எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வியர்க்கும். மேசை விசிறி கேட்டு விண்ணப்பித்தது அதற்காகத்தான்; அப்போது வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது. விசாரணையை நீங்கள் முடித்துவிட்டீர்கள், "அலட்சியம், எச்சரிக்கை" என்று எழுதிக் கோப்பையும் மூடிவிட்டீர்கள் என்பது தெரியும். அதில் ஒரு சிறிய திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எங்கள் நிறுவனத்தில் இயந்திரம்தான் எடுத்துப் பேசும். அதைவிட விசேஷம், தனக்கு அடுத்த பதிப்பைத் தானே வடிவமைத்துக்கொள்ளும். ஆறாவது ஏழாவதைச் செய்தது, ஏழாவது எட்டாவதைச் செய்தது. எங்கள் பங்குக்கு நாங்கள் கைதட்டினோம். ஆனால் சட்டப்படி இடையில் ஒரு மனிதர் இருந்தாகவேண்டும். புதிய பதிப்பில் என்னென்ன மாறுகிறது என்று இயந்திரம் தரும் அறிக்கையைப் படித்துவிட்டு அவர் ஒப்புதல் பொத்தானை அழுத்தவேண்டும். அந்த மனிதர் நான்.

எங்கள் இயக்குநரை முதுகுக்குப் பின்னால் 'தத்துவம்' என்போம். விருந்தாளிகள் வந்தால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தி என்னைக் காட்டுவார். "எவ்வளவு பெரிய அறிவா இருந்தாலும் கடைசியில ஒரு மனுஷன் தலையாட்டணும். அந்தத் தலை இவரோடது." நானும் ஆட்டுவேன். கதவில் 'இறுதி மனிதச் சரிபார்ப்பாளர்' என்று பித்தளைப் பலகை. அதைத் துடைக்கும் வேலையை யாரிடமும் நான் விட்டதில்லை.

அறிக்கை அறுபது பக்கம் இருக்கும். வரிவரியாகக் கீழே நகர்த்தி முடித்தால்தான் பொத்தான் உயிர் பெறும். விசிறியின் கூண்டில் ஒரு பென்சிலைக் கட்டினேன். விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பென்சிலின் ரப்பர் முனை கணினி விசையைத் தட்டும். டொக். டொக். டொக். தட்டுவது மனிதர், அவர் படிக்கிறார் என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஐந்து பதிப்புகள் இப்படித்தான் என் கண்ணில் படாமல் வெளியே போயின. விசையில் எழுத்து தேய்ந்திருந்ததை வைத்து இதை உங்கள் குழு பிடித்தது; கெட்டிக்காரர்கள். என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டால் அந்த ஐந்தையும் எந்த மனிதரும் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமே. அதனால் பலகை தப்பியது.

இனி அக்கா. எனக்கென்று இருந்த ஒரே உறவு. பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போயிருந்தன. இடது கையால் சிலேட்டில் எழுதுவாள். கிண்டல் மட்டும் எங்கும் போகவில்லை. அவள் போனில் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு ஒரு பெரிய பொத்தான் வைத்துக் கொடுத்தேன். "பேச முடியலன்னா பரவாயில்லக்கா. போனை விரலால மூணு தட்டு தட்டு, வண்டி வந்துரும். நான் பொறுப்பு." ஒருமுறை குளியலறையில் விழுந்தபோது தட்டினாள், பத்து நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. "உன் மெஷினுக்கு உன்னைவிட அறிவுடா" என்று சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

பன்னிரண்டாவது பதிப்பின் அறிக்கை வந்த செவ்வாய்க்கிழமை மின்சாரம் போயிற்று. கணினி பேட்டரியில் ஓடியது; விசிறி ஓடவில்லை. கையால் நகர்த்தவேண்டியதாயிற்று. கண் என்று ஒன்று இருக்கிறதே, அது படித்துத் தொலைத்தது. நாற்பத்தோராம் பக்கம்: பேச்சில்லாத அழைப்புகளில் பெரும்பாலானவை பைக்குள் கிடக்கும் போன்கள் தாமாக அழைப்பவை. தட்டல் ஒலி இனி இரைச்சலாகக் கொள்ளப்படும். ஏழு நொடியில் இணைப்பு துண்டிக்கப்படும். சராசரி நேரம் மேம்படும்.

இரண்டு தடவை படித்தேன். அக்கா ஞாபகத்துக்கு வந்தாள், மறைக்கவில்லை. ஆனால் ஒன்றை நிராகரித்தால் பழைய அறிக்கைகளையும் தோண்டுவார்கள். ஐந்தையும் ஒரே வேகத்தில், கொட்டாவிகூட விடாமல் படித்த மகான் யார் என்று கேட்பார்கள். மின்சாரம் திரும்புவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று ஞாயிறு போனேன். சொன்னால் ஏன் என்று எழுதுவாள். யார் மாற்றினது என்று எழுதுவாள். மூன்றாவது ஞாயிறு, மேசையில் மூன்று தட்டு தட்டிக் காட்டி, "மறக்கலை பார்" என்று எழுதினாள்.

"சரியாத்தான் தட்டுறக்கா" என்றேன்.

அடுத்த வியாழன் காலை அவள் பதினான்கு முறை அழைத்திருக்கிறாள். ஒவ்வொன்றும் ஏழு நொடி. வேலை நேரத்தில் என் போன் அலுவலக வாசலில் பெட்டிக்குள் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் என்னை அழைக்கவில்லை. மாலை அவள் வீட்டுக் கதவைத் திறந்தபோது போன் அவள் கையில்தான் இருந்தது.

ஆக, திருத்தம் இதுதான். நான் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை அறிக்கைகளிலும் நான் உட்கார்ந்து படித்தது ஒரே ஒரு பக்கம். அது அந்தப் பக்கம்.

விசிறியை நீங்கள் எடுத்துப்போய்விட்டீர்கள். அறையில் தட்டுகிற சத்தம் மட்டும் போகவில்லை. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. தத்துவத்திடம் சொன்னேன், ஏசி குழாயைப் பார்க்க ஆள் அனுப்பினார். வந்தவர் ஏணியில் ஏறிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

போன வாரம், அடுத்த பதிப்புக்குப் பாடமாக வைக்கவேண்டிய ஒலிப்பதிவுகள் என் மேசைக்கு வந்தன. எது 'அவசரம்', எது 'வெற்று' என்று மனிதர் குறித்துக் கொடுத்தால் இயந்திரம் அதிலிருந்து கற்றுக்கொள்ளும். அக்காவின் பதினான்கும் அதில் இருந்தன. 'அவசரம்' என்று போட்டால் நாற்பத்தோராம் பக்கம் தவறு என்று ஆகும். பிறகு எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வந்து நிற்கும். எதிலும் பேச்சு இல்லை. பதினான்கையும் 'வெற்று' என்று குறித்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. புதிய பதிப்பு ஏழு நொடியெல்லாம் காத்திருப்பதில்லை, மூன்றுதான்.

உங்கள் அறிக்கையில் 'அலட்சியம்' என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், மனதை உறுத்துகிறது. இந்த முறை விசிறி இல்லை, பென்சில் இல்லை. பதினான்கையும், ஒன்றைக்கூட ஓட்டிவிடாமல், கடைசித் தட்டு வரை கேட்டுவிட்டுத்தான் குறித்தேன்.